நீலம் தெறித்த வண்டி

போன ஆடியிலிருந்து ராக்கையாவின் டவேராவை அருளானந்தபட்டியில் யாரும் டவேரா என்று சொல்லவில்லை. ‘நல்ல மரண வண்டி’ என்றார்கள். இப்படியொரு பெயர் வரப்போகிறது என்று முன்பே தெரிந்திருந்தால் அவன் அந்த வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, வாழைத்தார் ஏற்றும் லாரிக்கு டிரைவராகப் போயிருப்பான். கேலிக்கு வைத்த பெயராக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கலாம். மரியாதையாக வைத்துவிட்டார்கள். அதுதான் கொடுமை.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, திராட்சைப் பந்தல்களுக்கு மத்தியில் இருக்கிற ஊர் அது. பெரும்பாலும் வேதக்காரர்கள், மாதா கோயிலைச் சேர்ந்தவர்கள். கீழத்தெருவில் மட்டும் சில இந்துக் குடும்பங்கள். ராக்கையா கீழத்தெருக்காரன். அவனுடைய அப்பா வயலே கதி என்று கிடந்தவர். மகனுக்கோ சேறு என்றால் ஆகாது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, குமுளி மலையில் ஏறி இறங்கி, டிரைவராகி, மலையாளத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறி, ஒருவழியாகச் சொந்தமாக ஒரு மெரூன் கலர் டவேரா வாங்கியபோது அவன் தலைமுடியில் பாதி போயிருந்தது. சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயில் சவாரி, கார்த்திகை பிறந்தால் சபரிமலை, முகூர்த்த நாளில் பொண்ணு மாப்பிள்ளை. கல்யாண சவாரி என்றால் அவனுக்குத் தனிக் குஷி. பூ அலங்காரத்துக்கு டேப் ஒட்டவே விடமாட்டான், பெயிண்ட் உரிந்துவிடுமாம். நூல் கட்டித்தான் பூ வைக்க வேண்டும். காலையில் எழுந்து தன் முகத்தைக் கழுவுமுன் வண்டியின் முகத்தைத் துடைப்பான். “என்னைய ஒரு நாளாச்சும் இப்படிப் பாத்துருக்கீகளா?” என்பாள் அவன் மனைவி கருத்தம்மாள். “நீ என்ன, பாலீஷ் போட்டாலும் இதே கலருதான” என்று அவன் சொல்ல, அந்த நாளின் முதல் சண்டை அங்கே தொடங்கும்.

அந்த மனுசனின் பேச்சு குறைந்துபோனது ஆல்பர்ட் விழுந்த நாளில்.

ஆவணிக்கு முன்னால் பனிமாதா திருவிழா. அதற்காக ஆடியில் கோயில் கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். ஆல்பர்ட் அந்த ஊர்ப் பெயிண்டர். நாற்பதைத் தொடாத வயது, ஒல்லியான உடம்பு, எந்நேரமும் காதில் செருகிய பீடி. கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று என்றால் அது சும்மா காற்றில்லை. காயப்போட்ட சேலை அடுத்த தெருவில் கிடக்கும். அந்தக் காற்றில், கயிற்றில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு, உச்சிச் சிலுவைக்குக் கீழே மாதாவின் நீலத்தை அடித்துக்கொண்டிருந்தான் ஆல்பர்ட். கீழே, சொட்டு விழாத தூரம் என்று நினைத்து, கோபுர நிழலில் டவேராவை நிறுத்தி, சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தான் ராக்கையா. தலைக்கு மேலே மழை பெய்கிற மாதிரி சடசடவென்று ஒரு சத்தம். அடுத்து, மழை இல்லாத ஒரு சத்தம்.

இறங்கி ஓடியவன் ராக்கையா ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் பந்தலில், வயலில். தரையில் மல்லாந்து கிடந்த ஆல்பர்ட்டின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். கண் திறந்திருந்தது. ஆனால் அந்தக் கண் ராக்கையாவைப் பார்க்கவில்லை, பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தது. பானெட், மேற்கூரை, இடதுபக்கக் கதவு என்று எங்கும் நீலம் தெறித்து வழிந்துகொண்டிருந்தது.

“அண்ணே, வண்டியில பட்டுருச்சே” என்றான் ஆல்பர்ட்.

“வண்டி கெடக்குது விடுப்பா.”

“எமல்சன்தாண்ணே. காயறதுக்குள்ள தண்ணிய ஊத்தித் தொடச்சா போயிரும். காஞ்சா புடிச்சுக்கிரும்.” கொஞ்சம் மூச்சு வாங்கினான். “கொஞ்சம் இருங்க. நானே எந்திரிச்சு வந்து தொடச்சுத் தர்றேன்.”

அவ்வளவுதான். அதற்குள் ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். பின்சீட்டில் கிடத்தி, கீழத்தெருக்காரர்கள் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ராக்கையா ஹாரனில் கை வைத்தபடி தேனி பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினான். ஆல்பர்ட் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. வழியிலேயே உயிர் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் ராக்கையா அந்தப் பொய்யைச் சொன்னான். கோயில் உபதேசியார் இஞ்ஞாசிமுத்து அடுத்த வண்டியில் வந்து இறங்கினார். ஊரில் செபம் சொல்லிக்கொடுப்பவர், நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்பவர். சாகிற வேளையில் இயேசு, மரி, சூசை என்று மூன்று திருநாமங்களைச் சொல்லிவிட்டுக் கண் மூடினால் அது நல்ல மரணம் என்பது அந்த ஊர் வழக்கம். வாயால் சொல்ல முடியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் காதில் ஓதுவார்கள். ஆல்பர்ட்டுக்கு ஓத யாருமில்லை.

“ஒம்மடியிலதான கெடந்தான். வாய அசச்சான்னு தூரத்துல இருந்து பாத்தவுக சொன்னாக. திருநாமம் சொன்னானா, ராக்கையா?”

சுவரோரம் தரையில் ஆல்பர்ட்டின் மனைவி ஜெபராணி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ராக்கையாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நின்றுகொண்டு, பெயிண்டைத் துடைக்கச் சொன்னான் என்று எந்த மனுசன் சொல்வான்? நான் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

“சொன்னாப்புல மாமா” என்றான் ராக்கையா. “மூணும் சொன்னாப்புல.”

உபதேசியார் அங்கேயே முழங்காலிட்டார். ஜெபராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாளியில் தண்ணீர் பிடித்தான். பெயிண்ட் காய்ந்துதான் போயிருந்தது, ஆனாலும் ஊறவைத்துத் தேய்த்தால் பாதியாவது வரும். துணியை நனைப்பதற்குள் ஆல்பர்ட்டின் தாய் பிலோமினா வந்துவிட்டாள். யாரோடும் பேசாமல் நேரே போய்ப் பானெட்டில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். “எம்மகன் திருநாமம் சொல்லிக்கிட்டே விட்ட நீலம்டா இது” என்றாள். பெற்றவள் கன்னத்துக்குக் கீழே எப்படித் துணியை நீட்டுவது? வாளித் தண்ணீரை வேப்பமரத்துக்கு ஊற்றினான்.

மறுநாள் இரண்டு பெண்கள் வந்து நீலத்தைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன் பம்பரில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. கீழத்தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா, அவர்கள் பங்குக்கு ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முழங்கால் வலி போனது என்று ஒருத்தி சொன்னாள். கல்யாண வீட்டுக்காரர்கள் வண்டியைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டு போனார்கள். பதிலாக வேறு சவாரி வந்தது. ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டவர்களை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டுமா, கூப்பிடு ராக்கையாவை. அந்த வண்டியில் வந்தால் நல்ல மரணம் வாய்க்கும். ராயப்பன்பட்டியிலிருந்தும் அனுமந்தன்பட்டியிலிருந்தும்கூட ஆள் தேடி வந்தது. மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தான். “சாகப் போற மனுசனுக்கு மாட்டேன்னு சொல்லுவியா?” என்று கேட்டார்கள். சாவியை எடுத்தான். பூ வாசனையும் அத்தரும் இருந்த வண்டியில் டெட்டாலும் மூத்திரமும் மணக்கத் தொடங்கின.

அதையாவது தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது ஆல்பர்ட்.

முதன்முதலில் கேட்டது குமுளி ஸ்டாண்டில், நல்ல உச்சிவெயிலில். சீட்டைச் சாய்த்துக் கண் அயர்ந்திருந்தான். ஈரத்துணியால் தகரத்தைத் தேய்க்கும் சத்தம். மெல்லத் தொடங்கி, ஓரிடத்தில் நின்று, அழுத்தித் தேய்த்து, மறுபடி மெல்ல. வண்டி துடைக்கிற யாரோ பையன் என்று நினைத்து, “வேணாம் போப்பா” என்றான். சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் ஒரு வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. இறங்கிப் பானெட்டைப் பார்த்தான். நீலம் அப்படியே இருந்தது. ஒரு துளி குறைந்திருந்தாலும் அவனுக்குத் தெம்பு வந்திருக்கும்.

நானே எந்திரிச்சு வந்து தொடச்சுத் தர்றேன் என்று சொன்னவன், சொன்னபடி வருகிறான் என்று நினைத்துக்கொண்டான். ஏன் முடிக்காமல் போகிறான் என்றும் நினைத்தான். மழை பெய்தால் கண்ணாடியில் வழிகிற தண்ணீர் நீலமாக இருக்கிறதா என்று பார்ப்பான். லோயர் கேம்ப் இறக்கத்தில் ஒருநாள் வண்டிக்குள் புது எமல்ஷன் வாடை அடித்தது. பின்சீட்டில் படுத்திருந்தவருக்கும் அது தெரிந்தது. “வெள்ளையடிச்ச வீடு மாதிரி மணக்குதேப்பா” என்றார். அன்றைக்கு வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம், அலங்காரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. செத்தவன் ஒருவனை வேலைக்காரனைப்போலத் தன் வண்டியைச் சுற்றி அலையவிட்டிருக்கிறோம் என்ற பயம். துடைத்துவிட்டால் அவன் போய்விடுவான். துடைக்க வேண்டுமென்றால் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் ஜெபராணியிடம்.

ஊரில் அந்த நீலத்தைத் தொடாதவள் அவள் ஒருத்திதான். திராட்சைப் பந்தல் வேலைக்குக் காலையில் போகும்போது கீழத்தெரு வழியாகத்தான் போவாள். வண்டியைக் கண்டதும் நிற்பாள். கிட்டே வரமாட்டாள், சிலுவையும் போடமாட்டாள். பார்த்துவிட்டுப் போவாள். வண்டியில் ஏறச் சொன்னாலும் ஏறியதில்லை. அவளுடைய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதும் பஸ்ஸில்தான் தூக்கிக்கொண்டு போனாள். தன்மேல் கோபமா, தன் பொய் தெரிந்துவிட்டதா என்று ராக்கையாவுக்குக் குழப்பம். கருத்தம்மாளிடம் ஒருநாள் எல்லாவற்றையும் கொட்டினான். “அந்தப் புள்ளைக்கு இருக்குறது அந்த மூணு வார்த்தைதான். அதையும் புடுங்கிராதீக” என்றாள்.

அதனால் பொறுத்துக்கொண்டான். ஒரு வருடம் ஆகவிருந்தது. மறுபடி ஆடிக்காற்று கிளம்பிவிட்டது.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து சகாயராணியைக் கூட்டிவந்த நாளில்தான் பொறுமை உடைந்தது. மேலத்தெருப் பெண், சின்ன வயது, வயிற்றில் புற்று. பின்சீட்டில் தன் தாயின் தோளில் சாய்ந்து வந்தாள். ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது தாய் அசந்து தூங்கிவிட்டாள். சகாயராணி டிரைவருக்கு மேலே இருந்த கண்ணாடி வழியாக ராக்கையாவைப் பார்த்தாள்.

“அண்ணே, ஆல்பர்ட் அண்ணன் பயப்படாமச் சொன்னாகளாண்ணே?”

“என்னது ஆத்தா?”

“அந்த மூணு திருநாமத்தையும். நானும் சொல்லிப் பாக்குறேன். எனக்கு முத பேரு சொல்றப்பவே தொண்டை அடைக்குது. பயமா இருக்கு. அவுகளால முடிஞ்சுருக்கு, என்னால முடியலயே. நான் அம்புட்டுப் பாவம் பண்ணிட்டேனாண்ணே?”

ராக்கையா உண்மையைச் சொன்னானா என்று கேட்காதீர்கள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆத்தா, கண்ண மூடிப் படுத்துக்க” என்றான். அந்தப் பெண் நாலைந்து நாளில் போய்ச்சேர்ந்தாள். கடைசிவரை தொண்டை அடைத்தபடியே போனாள் என்று கருத்தம்மாள் துக்கம் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். அன்று ராக்கையா சாப்பிடவில்லை. தன் பொய்யை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஒருத்தி தன்னை அளந்து பார்த்து, தோற்றதாக நினைத்துக்கொண்டு செத்திருக்கிறாள்.

அதே வாரத்தில் உபதேசியார் வந்தார். கையில் கிளியர் லாக்கர் என்கிற நிறமில்லாத வார்னிஷ் டப்பா. “நீலம் வெளுக்க ஆரம்பிச்சுருச்சு, கவனிச்சியா? இத மேல அடிச்சுட்டா ஆயுசுக்கும் அழியாது. திருவிழாவுக்குச் சப்பரத்துக்குப் பின்னாடி வண்டிய ஓட்டி வரணும். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வந்து அடிக்கிறேன்” என்றார். நல்ல மனுசன், நல்ல எண்ணம். ஆனால் அந்த லாக்கர் ஏறிவிட்டால் அப்புறம் ஆல்பர்ட் எத்தனை துணி கொண்டுவந்து தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் வண்டியைத் தேனிக்கு எடுத்துப்போனான். அல்லிநகரத்தில் சுந்தரலிங்கம் என்பவர் வண்டிப் பாலீஷ் கடை வைத்திருக்கிறார். அவர் சுற்றி வந்து பார்த்தார்.

“என்னண்ணே, வண்டிக்கு அம்மை போட்ருக்கு?”

“எமல்சன். வருசமாச்சு. போகுமா?”

“தின்னரத் தொட்டீகன்னா வண்டியோட சொந்தப் பெயிண்டும் சேர்ந்து வந்துரும். அதான் நெறையப் பேரு பண்ற தப்பு. பொறுமையாப் பண்ணுனா போகும்.”

முன்விளக்குக்கு மேலே இருந்த ஒரு துளியின்மேல் ஸ்பிரிட் நனைத்த துணியை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். எடுத்தபோது துளியின் ஓரம் தோலைப்போலச் சுருங்கியிருந்தது. பிளாஸ்டிக் கார்டின் முனையால் மெல்ல நெம்பினார், நீலம் ஏடாக உரிந்து வந்தது. மிச்சத்துக்குச் சோப்புத் தண்ணீர் தெளித்து, களிமண் மாதிரி மெத்தென்ற ஒரு கட்டியால் வழுக்கி வழுக்கித் தேய்த்தார். அந்த இடத்தில் மெரூன், வண்டி வாங்கிய நாளில் இருந்ததுபோல வெயில் படாத நிறத்தில் பளபளத்தது. கடைசியாக அவர் ஈரத்துணியால் துடைத்தபோது, துணி தகரத்தில் உரசிய சத்தம் ராக்கையாவின் காதுக்குள் போனது. குமுளி ஸ்டாண்டில் கேட்ட அதே சத்தம். மெல்லத் தொடங்கி, நின்று, அழுத்தி, மறுபடி மெல்ல.

“போதும்” என்று கத்தினான். “நிறுத்துங்க, போதும்.”

சுந்தரலிங்கம் திகைத்துப் பின்வாங்கினார். ராக்கையா தடுமாறி ஏதோ காரணம் சொன்னான்; ஆல்பர்ட்டின் வேலையை வேறொருவர் செய்வதைப் பார்க்க முடியவில்லை என்றா சொல்வது? வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவரை என்ன செய்வது, துடைக்கும் முறையையாவது தெரிந்துகொள்ளட்டும் என்று அந்தக் கட்டியில் பாதியைப் பிய்த்துக் கையில் கொடுத்து அனுப்பினார். திருடியதைப்போல அதை டேஷ்போர்டுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெபராணி வழக்கம்போல வந்து நின்றாள். பூசைக்குப் போகிற சேலை. வழக்கம்போலப் போகவில்லை. முதன்முறையாக வண்டிக்குக் கிட்டே வந்தாள்.

“அண்ணே, லைட்டுக்கு மேல ஒண்ணு இருந்துச்சு. அதக் காணோம்.”

அத்தனை துளியில் ஒன்று குறைந்தது இவளுக்குத் தெரிகிறது. இதற்குமேல் எதை மறைப்பது?

“நான்தான் எடுக்கச் சொன்னேன் ஆத்தா. ஒண்ணுக்கப்புறம் மனசு வரல. ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீ என்னைய செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன்.”

வீட்டு வாசலுக்கு வந்த கருத்தம்மாள் நிலைமையைப் புரிந்துகொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

“ஆல்பர்ட்டு திருநாமம் சொல்லல. உபதேசியார் மாமா கேட்டாக, நீ பாத்துக்கிட்டு இருந்த, எனக்கு வேற சொல்ல வாய் வரல. பொய் சொல்லிட்டேன். மாதா பேரு, சாமி பேரு எதையும் அவன் சொல்லல.”

“அப்ப என்ன சொன்னாக?”

சொன்னான். ஒரு வருடமாகக் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த வார்த்தைகள், அவற்றைத் தேட வேண்டியிருக்கவில்லை. வண்டியில் பட்டதைச் சொன்னது, எமல்ஷன் என்றது, தண்ணீர் ஊற்றச் சொன்னது, கொஞ்சம் இருக்கச் சொன்னது, தானே எழுந்து வந்து துடைத்துத் தருவதாகச் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் ராக்கையாவுக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்காமல் விட்டதற்கு அழுதானா, பொய்க்கு அழுதானா, அவனுக்கே தெரியவில்லை.

ஜெபராணி டயரோரமாக மண்ணில் உட்கார்ந்தாள். பூசைச் சேலை என்று பார்க்கவில்லை.

“எந்திரிச்சு வர்றேன்னா சொன்னாக?”

“ஆமா ஆத்தா.”

“நெசமா?”

“எங்க ஆத்தா மேல சத்தியமா.”

அவள் முகத்தைப் பார்க்க ராக்கையாவுக்குத் துணிவில்லை. அவள் பேசத் தொடங்கியபோது குரல் மட்டும் கேட்டது.

“அண்ணே, அந்த மூணு பேரையும் எங்கன எப்பச் சொல்லுவாக தெரியுமா? இனிமே பொழைக்கமாட்டோம்னு தெரிஞ்ச பெறகு சொல்லுறது. நீங்க சொன்னதுல இருந்து எனக்கு ஒரே நெனப்புதான். தெரிஞ்சுருக்கு அவுகளுக்கு. நாம சாகப் போறோம், பொண்டாட்டி புள்ள பக்கத்துல இல்ல, தனியாக் கெடக்கோம்னு தெரிஞ்சுருக்கு. எம்புட்டுப் பயந்துருப்பாகன்னு நெனச்சு நெனச்சுச் செத்தேண்ணே. ஊரு பூரா நல்ல மரணம் நல்ல மரணம்னுச்சு. நான் அந்த நீலத்தப் பாக்குறப்பெல்லாம் அவுக பயந்து கெடந்ததத்தான் பாத்தேன். தொட முடியல என்னால.”

மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“சாகப் போறோம்னு அவுகளுக்குத் தெரியவே இல்ல” என்றாள். “தெரியாமலே போயிருக்காக.”

சொல்லிவிட்டு அவள் அழுத அழுகையை ஆஸ்பத்திரியில் ராக்கையா கேட்கவில்லை, கல்லறையில் கேட்கவில்லை. கருத்தம்மாள் ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். ராக்கையா சும்மா நின்றான். நல்லது செய்வதாக நினைத்துத் தான் கொடுத்த மூன்று வார்த்தைகள் இந்த ஒரு வருடமும் இவள் வீட்டில் என்ன வேலை பார்த்தன என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அழுது ஓய்ந்ததும் ஜெபராணி எழுந்தாள். “தண்ணி கொண்டாங்கண்ணே” என்றாள்.

கோயில் மணி அடித்தது, ஜெபராணி பூசைக்குப் போகவில்லை. கருத்தம்மாள் வெந்நீர் காய்ச்சிக் கொடுத்தாள். கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிக் கிடந்த சானிட்டைசர் பாட்டில்களை ஜெபராணி தன் வீட்டிலிருந்து எடுத்துவந்தாள். புது டைல்ஸில் சிந்துகிற எமல்ஷனை எடுக்க ஆல்பர்ட் அதைத்தான் தொட்டுத் துடைப்பானாம். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் சானிட்டைசரை நனைத்துத் துளியின்மேல் வைத்து, அது சுருங்கும்வரை பொறுத்து, நகத்தால் ஓரம் தூக்கி, மிச்சத்தைக் கட்டியால் தேய்த்து, உலர்துணியால் ஒற்றி எடுத்தார்கள். ஆடிக்காற்று ஈரத்தை நொடியில் உலர்த்தியது. ஒரு துளி போனால் அடுத்தது. கதவு முடிந்து பானெட்டுக்கு வந்தார்கள்.

பூசை முடிந்து உபதேசியார் லாக்கர் டப்பாவோடு வந்து சேர்ந்தார். பின்னால் பிலோமினா. பாதி வண்டி சுத்தமாகியிருந்ததைப் பார்த்து இஞ்ஞாசிமுத்து டப்பாவைத் தரையில் வைத்தார்.

“ஏலே ராக்கையா, என்னடா காரியம் பண்ணிக்கிட்டு இருக்க?”

ராக்கையா துணியைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனான். எல்லோர் முன்னாலும் சொன்னான். திருநாமம் சொல்லவில்லை, நான்தான் பொய் சொன்னேன், மன்னிச்சுருங்க மாமா என்றான். உபதேசியார் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. பிலோமினா சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இது இழப்புதான், அதை யாரும் ஈடுசெய்ய முடியாது. அவள் ராக்கையாவைத் திட்டிய திட்டை இங்கே எழுத வேண்டாம். அத்தனையையும் அவன் கைகட்டி நின்று வாங்கிக்கொண்டான்.

ஜெபராணி திரும்பிப் பார்க்காமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தே, ஒங்க மகன் விட்டுட்டுப் போன வேலை. வாங்க, முடிச்சுருவோம்” என்றாள்.

பிலோமினா வரவில்லை. போகவும் இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேற்கூரைக்கு எட்டவில்லை. ராக்கையா சக்கரத்தின்மேல் கால்வைத்து ஏறினான். ஜெபராணி கீழிருந்து துணியை நனைத்து நனைத்துக் கொடுத்தாள்.

“அண்ணே” என்றாள். “அவுக சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னான்.

துணியைப் பிழிந்து கொடுத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டாள். எந்த இடத்தில் மூச்சு வாங்கினான், அண்ணே என்பதை எந்த இடத்தில் சொன்னான் என்பதையும் கேட்டாள். ராக்கையா ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் திரும்பவும் முதலிலிருந்து சொன்னான்.